வெள்ளானூர்த் தெருவில் படித்த தீர்ப்பு

இன்று காலை பினாயில் வாசனையில் நீ வந்தாய். பூந்தமல்லிப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். வராந்தா முழுக்கத் தாராளமாக ஊற்றி வைத்திருந்தார்கள். நம் கோர்ட்டு வராந்தாவிலும் காலையில் இதே வாசனைதான் அடிக்கும். நீ முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, "ஏட்டி, கைதிக்குத் தண்டனை குடுக்கதுக்கு முன்னாடி நம்மளக் கொன்னுருவாங்க போலிருக்கே" என்பாய். சொல்லி முடிப்பதற்குள் நாலு தும்மல் தும்முவாய். இன்று எனக்கும் தும்மல் வந்தது. உனக்குப் பதிலாக வந்ததென்று நினைத்துக்கொண்டேன்.

அங்கே ஓர் ஆள் துடைப்பத்தோடு நின்றான். நாற்பது வயதிருக்கும், இஸ்திரி போட்ட சட்டை. குடித்துவிட்டு பஸ் ஸ்டாண்டில் ரகளை செய்தவன். ஜெயில் வேண்டாம், பத்து நாள் இங்கே வந்து கூட்டிப் பெருக்கு என்று கோர்ட்டு சொல்லியிருக்கிறது. ஒழுங்காக வருகிறானா என்று பார்த்து எழுதித் தரச் சொல்லி என்னை அனுப்பியிருந்தார்கள். புதுச் சட்டம் வந்துவிட்டதடி. உனக்குத் தெரியாது. நீ விரல் விட்டு ஒப்பிப்பாயே ஐந்து தண்டனைகள், அதோடு ஆறாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. சமுதாய சேவை என்று பெயர்.

என் கண்ணெதிரே அவன் நன்றாகத்தான் பெருக்கிக்கொண்டிருந்தான். திடீரென்று துடைப்பத்தைத் தூணுக்குப் பின்னால் சாய்த்துவிட்டு, தானும் தூணுக்குப் பின்னால் போய் நின்றான். குழந்தைக்குத் தடுப்பூசி போட ஒரு பெண் வந்திருந்தாள். அவன் தெருக்காரியாம். அவள் உள்ளே போன பிறகுதான் துடைப்பத்தை மறுபடி எடுத்தான். எனக்கு வெள்ளானூர் ஞாபகம் வந்தது. உன்னிடம் சொல்ல வேண்டிய ஒன்றை எட்டு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருக்கிறேன். இனிமேல் எங்கே நேரில் சொல்வது? எழுதிவிடுகிறேன்.

நாம் இரண்டு பேரும் ஆவடி குவார்ட்டர்ஸ் பிள்ளைகள். உன் அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்தவர், என் அப்பா ஆற்காட்டுக்காரர். இரண்டு பேரும் பாக்டரியில் ஒரே பிரிவில் பக்கத்துப் பக்கத்து மிஷின். நீ சட்டம் படிக்கப் போனாய், நான் சமூகப் பணி படிக்கப் போனேன். மின்சார ரயிலில் ஜன்னலோரம் பிடித்துக்கொண்டு நீ பரீட்சைக்குப் படித்ததெல்லாம் எனக்கும் மனப்பாடம். தூக்கு, ஆயுள், சிறை, சொத்துப் பறிமுதல், அபராதம். சுண்டுவிரலில் ஆரம்பித்துக் கட்டைவிரலில் முடிப்பாய். அப்புறம் தண்டனை எதற்கு என்று இன்னொரு பட்டியல் வரும். பழிக்குப் பழி வாங்க, மற்றவனைப் பயமுறுத்த, கெட்டவனை அடைத்துவைத்து ஊரைக் காக்க, அவனைத் திருத்த. கடைசியைச் சொல்லும்போது மட்டும் என்னைப் பார்த்துச் சிரிப்பாய். "இது உன் டிபார்ட்மெண்டு, நீயே வச்சுக்கோ."

அப்படியேதான் நடந்தது. நீ அரசு உதவி வழக்குரைஞர் ஆனாய். கோர்ட்டில் எல்லோருக்கும் நீ ஏபிபி அம்மா. நான் நன்னடத்தை அலுவலர். குற்றம் செய்தான் என்று முடிவான பிறகு, இவனை ஜெயிலுக்கு அனுப்பலாமா, நன்னடத்தைப் பிணை எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு விடலாமா என்று மாஜிஸ்ட்ரேட் என்னைக் கேட்பார். நான் அவன் வீட்டுக்குப் போய், அக்கம்பக்கத்தில் விசாரித்து, அறிக்கை கொடுக்க வேண்டும். நீ உள்ளே போடு என்பாய், நான் வெளியே விடு என்பேன். "உப்பத் தின்னவன் தண்ணி குடிக்கணும்டி" என்பாய். "தண்ணி குடிக்கட்டும், அதுக்காகக் கிணத்துல புடிச்சுத் தள்ளணுமா?" என்பேன். மத்தியானம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறப்போம். உன் டப்பாவில் திருநெல்வேலிச் சொதி இருக்கிற நாளில் நான் சண்டையே போட மாட்டேன், அதையும் சொல்லிக் காட்டுவாய். அந்த பெஞ்சில் இப்போது யாரோ இரண்டு ஜூனியர் பெண்கள் உட்காருகிறார்கள். அவர்கள்மேல் ஒரு தப்பும் இல்லை, இருந்தும் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது.

அந்த வெள்ளானூர் கேஸ் உனக்கு மறந்திருக்காது. தாமோதரன் என்று ஒருவன். வயலில் போர்வெல் போட்டு லாரி லாரியாகத் தண்ணீர் விற்றவன். பக்கத்து வயல் கன்னியப்பனுடையது. இவன் போர் ஓட ஓட அவன் கிணறு வற்றிப்போனது. ஒருநாள் காலை கன்னியப்பன் நேரே மோட்டார் கொட்டகைக்குப் போய் நியாயம் கேட்டிருக்கிறான். வாய்ச்சண்டை முற்றி, தாமோதரன் கையில் இருந்த பைப் ரிஞ்ச்சால் அடித்துவிட்டான். கன்னியப்பனுக்கு இடது கண் போய்விட்டது. கேஸ் வந்ததும் தாமோதரன் ஒரு கதை கட்டினான். கன்னியப்பன் நியாயம் கேட்க வரவில்லை, திருட வந்து மோட்டார் காப்பர் கம்பியை அறுத்தே விட்டான், திருடனைப் பிடிக்கப் போய்த்தான் அடி பட்டுவிட்டது என்றான். கோர்ட்டு அதை நம்பவில்லை. தாமோதரன்தான் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. தண்டனை சொல்லும் முன் என் அறிக்கையைக் கேட்டார்கள்.

நான் எவ்வளவு பெருமையாக அந்த அறிக்கையை எழுதினேன் தெரியுமா? தாமோதரனின் அம்மாவைப் பார்த்தேன். அவன் பெண்டாட்டி எனக்கு மோர் கொடுத்தாள். கிராம நிர்வாக அலுவலர், பால்காரர், மளிகைக்கடைக்காரர் என்று ஒருவரையும் விடவில்லை. முன்குற்றம் இல்லை, குடி இல்லை, குடும்பஸ்தன், ஒரு நிமிஷக் கோபத்தில் செய்தது, நன்னடத்தையில் விடலாம். இரண்டு பக்கம் அழகான கையெழுத்து. மறுநாள் மத்தியானம் பெஞ்சில் உன்னிடம் நீட்டினேன். நீ படித்தாய். முருங்கைக்காயைச் சப்பித் துப்பிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாய்.

"அடிபட்டவன் வீட்டுக்குப் போனியா?"

நான் போகவில்லை. போக வேண்டும் என்று தோன்றவே இல்லை. எங்கள் படிவத்தில் குற்றவாளியின் அப்பா பெயர், படிப்பு, பழக்கவழக்கம், அக்கம்பக்கத்தார் கருத்து என்று பக்கம் பக்கமாகக் கட்டம் உண்டு. அடிபட்டவனுக்கு ஒரு கட்டமும் கிடையாது. இருபது வருஷம் அந்தப் படிவத்தை நிரப்பிய எனக்கு அது உறைக்கவில்லை. "பாரத்துல இல்லடி" என்றேன். நீ தலையில் அடித்துக்கொண்டாய். "கூறு கெட்டவளே, சனிக்கிழமை ஏறு வண்டில."

உன் ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்து போன அந்தச் சனிக்கிழமை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. செங்குன்றம் ரோட்டில் தண்ணீர் லாரி ஒவ்வொன்றும் நம்மை உரசிக்கொண்டு போனது. நீ ஒவ்வொன்றையும் திட்டிக்கொண்டே வந்தாய். பிளாட் போட்டு வெள்ளைக்கல் நட்ட வயல்கள், நடுவில் ஒரு கோயில், அதைத் தாண்டி நீளமாக ஒரே தெரு. தெருவின் இந்தக் கோடியில் தாமோதரன் வீடு, அந்தக் கோடியில் கன்னியப்பன் வீடு. நடுவில் ஒரு ஆளிடம் கன்னியப்பன் வீட்டைக் கேட்டோம். "யாரு, காப்பர் ஊடா? அதோ, கடைசி" என்றான் அவன், சாதாரணமாக. நீ வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தாய். திருட்டுப் பட்டம் அந்த வீட்டுக்குப் பெயராகவே ஆகியிருந்தது.

கன்னியப்பன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். ஐம்பது வயதுக்காரன். அவன் பெண்டாட்டி அமுதா டம்ளரில் கலர் சோடா கொண்டுவந்து வைத்தாள். "அவனுக்கு எத்தன வருசம் குடுக்கணும்னு நெனைக்கிறீங்க?" என்று நீதான் கேட்டாய். அவன் டம்ளரை எங்கள் பக்கம் தள்ளி வைத்துவிட்டுப் பேசினான்.

"அவன் ஜெயிலுக்குப் போனா இன்னா, போவாட்டி இன்னாம்மா. கண்ணு வரப்போவுதா? ஆடி மாசம் கூழ் ஊத்தறப்ப கோயில் அண்டாவ நாந்தான் எடுத்தாருவேன், நாந்தான் கழுவி வெப்பேன். எங்கப்பன் காலத்துலேர்ந்து அப்படித்தான். இந்த வருசம் நான் கழுவி வெச்சிட்டு வந்த பெறவு, அண்டாவ எண்ணிப் பாத்தாங்கம்மா. கரண்டியக்கூட எண்ணிப் பாத்தாங்க."

அமுதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நான் திருடன் இல்லன்னு அவன் இந்தத் தெருவுல நின்னு சொல்லணும். அவ்ளோதாம்மா. அதுக்குக் கோர்ட்டுல எதனா வழி இருக்குதா?" என்றான் அவன்.

திரும்பி வரும்போது நீ ஒரு லாரியையும் திட்டவில்லை. ரயில்வே கேட்டில் நிற்கும்போது சொன்னாய். "தூக்கு, ஆயுள், சிறை, பறிமுதல், அபராதம். அவன் கேட்டது இதுல எதுலயும் இல்லயேடி."

நான் அறிக்கையோடு தனியாக ஒரு தாளைக் குத்தி, கன்னியப்பன் கேட்டதை எழுதினேன். ஆனால் நன்னடத்தையில் விடலாம் என்ற சிபாரிசை மாற்றவில்லை. நீயும் மாறவில்லை. தண்டனை சொல்லும் நாளில் எழுந்து நின்று, ஒருவனின் கண்ணைக் கெடுத்தது மட்டுமல்ல, பெயரையும் கெடுத்திருக்கிறான், ஜெயில்தான் வேண்டும் என்றாய். மாஜிஸ்ட்ரேட் என் தாளைப் படித்துவிட்டு, தெருவில் நின்று பேசு என்று உத்தரவு போடச் சட்டத்தில் இடமில்லை என்றார். வைத்தியச் செலவுக்கு நஷ்டஈடு கட்டச் சொன்னார். இரண்டு வருஷம் ஒழுங்காக இருக்க வேண்டும், மாதம் ஒருமுறை நன்னடத்தை அலுவலர் முன் ஆஜராக வேண்டும் என்று பிணை எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பினார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், உன்னை ஜெயித்துவிட்டேன் என்று சந்தோஷப்பட்டேன்.

இரண்டு நாள் கழித்து டீக்கடையில் வைத்து நீ என்னைப் பிடித்துக்கொண்டாய். "போய்ப் பாருட்டி, உன் நல்லவனுக்குத் தெருவுல மாலை போட்டு, பட்டாசு வெடிச்சிருக்காங்க. கோர்ட்டே விட்டுருச்சுல்ல? அப்போ அவன் சொன்னது நெசம்தானே? கன்னியப்பன் திருடன்தானே?"

தெருக்காரர்களுக்கு நன்னடத்தைப் பிணையும் தெரியாது, சட்டப் பிரிவும் தெரியாது. கோர்ட்டுக்குப் போனவன் வீட்டுக்குத் திரும்பி வந்தால் அவன் நிரபராதி. இதை நான் யோசித்திருக்க வேண்டும். நான் யோசிக்காதது மட்டுமல்ல, தப்பை ஒத்துக்கொள்ளாமல் உன்மேல் பாய்ந்தேன். "உனக்கு ஜெயிலத் தவிர வேற என்னடி தெரியும்? கறிக்கடைக்காரன் மாதிரி ரெண்டு கிலோவா மூணு கிலோவான்னு கேக்குறவதானே நீ?" என்றேன். கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நீ கத்தவில்லை. "நல்லவன்னு அவனுக்கு ரெண்டு பக்கம் எழுதிக் குடுத்தியே. கண்ணு போனவன் கையில என்ன பேப்பர் இருக்கு?" என்று கேட்டுவிட்டு, டீயை அப்படியே வைத்துவிட்டுப் போனாய். அதுதான் நீ என்னோடு பேசிய கடைசிப் பேச்சு. நாக்கில் சனி என்பார்களே, அன்று என் நாக்கில் உட்கார்ந்திருந்தது.

முதல் மாதம் தாமோதரன் என் ஆபீசுக்கு வந்தான். சட்டைப் பையில் விபூதிப் பொட்டலம், கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். பழத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, "கன்னியப்பன் திருட வரலன்னு உங்க தெருவுல சொல்லிடுப்பா, உனக்கும் மனசு லேசாகும்" என்றேன். எனக்குக் கற்றுக்கொடுத்த அத்தனை நயத்தையும் காட்டித்தான் சொன்னேன். அவன் சிரித்தான்.

"கோர்ட்டே உட்டாச்சேம்மா. இப்போ போயி நான் பொய் சொன்னேன்னு சொன்னா, தெருவுல எவன் மதிப்பான்? எங்க ஊட்டு ஆளுங்களே காறித் துப்புவாங்க. வேணும்னா ஜெயிலுக்கு அனுப்பிக்க. ஆறு மாசம் போயிட்டு வரேன். அத்த மட்டும் செய்யச் சொல்லாத."

அன்றைக்கே உன்னிடம் ஓடி வந்திருக்க வேண்டும். கேட்டாயாடி, இவன் ஜெயிலுக்குக்கூடத் தயார், தெருவில் நின்று உண்மை பேசத் தயாரில்லை, அப்போது எதுடி தண்டனை என்று கேட்டிருக்க வேண்டும். நீ மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஏதாவது ஒன்று சொல்லியிருப்பாய், நான் அதற்கு எதிராக ஒன்று சொல்லியிருப்பேன். கோர்ட்டு வாசல்வரைக்கும் வந்தேன். தூரத்தில் உன் கருப்புக் கோட்டு தெரிந்தது. அவளே வந்து பேசட்டும் என்று திரும்பிவிட்டேன். நாற்பது வருஷப் பழக்கத்தில் முதல் முறை ரோஷம் பார்த்தேன்.

பிறகு உனக்குக் காய்ச்சல் என்றார்கள். சாதாரணக் காய்ச்சல், ரெண்டு நாளில் வந்துவிடுவாள் என்று நினைத்தேன். டெங்கு என்று சொன்னபோதுகூட, வியாழக்கிழமை போய்ப் பார்க்கலாம், சொதி வைக்கத் தெரியாது, ரசமாவது வைத்துக் கொண்டுபோகலாம் என்று திட்டம் போட்டேன். புதன்கிழமை உன் தம்பி போன் பண்ணினான். உன்னைப் பெட்டிக்குள் பார்த்தபோது எனக்கு அழுகைகூட வரவில்லை. இப்படிப் பேசாமல் போய்விட்டாயே என்று உன்மேல்தான் ஆத்திரம் வந்தது. இன்றைக்கும் அந்த ஆத்திரம் முழுதாக அடங்கவில்லை. நீ இல்லாமல் எனக்குச் சண்டை போட ஆள் இல்லை. நான் எழுதுகிற அறிக்கையை இப்போதெல்லாம் எல்லோரும் நன்றாக இருக்கிறது மேடம் என்கிறார்கள். அதைக் கேட்டால் எனக்குப் பயமாக இருக்கிறது.

நீ போய் இரண்டு மாதம் இருக்கும். ஒருநாள் காலை அமுதா என் ஆபீஸ் வாசலில் நின்றாள். கையில் மஞ்சள் பை. பைக்குள் தபாலில் வந்த ஒரு கவர். "ஏபிபி அம்மாவத்தான் தேடிப் போனேன். அவுங்க தவறிட்டாங்கன்னு சொன்னாங்க. எனக்கு ஒண்ணும் ஓடல. அவுங்கதான் இதுக்கு மனுப் போட்டுக் குடுத்தாங்க. இப்பத்தான் வந்துச்சி. இங்கிலீசுல கீது, யாருக்கும் படிக்கத் தெரியல" என்றாள்.

கோர்ட்டு முத்திரை வைத்த தீர்ப்பு நகல். தண்டனை பெற்றவனுக்குத் தீர்ப்பின் நகலை இலவசமாகக் கையில் கொடுப்பார்கள். அடிபட்டவனுக்குக் கொடுப்பதில்லை, வேண்டுமென்றால் அவனே மனுப் போட்டு வாங்க வேண்டும். அப்படி ஒரு வழி இருப்பதே கன்னியப்பனுக்குத் தெரியாது. எப்போது மனுப் போட்டார்கள் என்று கேட்டேன். நீ தனியாக வெள்ளானூருக்கு வந்தாயாம். மனுவை நீயே எழுதி, ஸ்டாம்ப் ஒட்டி, கன்னியப்பனிடம் கையெழுத்து வாங்கிப் போனாயாம். நாளைக் கணக்குப் பார்த்தேன். டீக்கடையில் நான் உன்னைக் கறிக்கடைக்காரன் என்று சொன்ன அதே வாரம்.

நான் அந்த நகலைப் புரட்டினேன். ஒன்பதாவது பக்கத்தில் இருந்ததடி. கன்னியப்பன் திருட வரவில்லை, தன் கிணறு வற்றியதைப் பற்றிக் கேட்கவே அங்கே போனார், திருட்டுக் கதை குற்றத்தை மறைக்கப் பின்னால் கட்டப்பட்ட பொய் என்று மாஜிஸ்ட்ரேட் தெளிவாக எழுதியிருந்தார். எப்படி அந்த முடிவுக்கு வந்தார் என்பதையும் எழுதியிருந்தார். தாமோதரன் பக்கம் சாட்சி சொல்ல வந்த லாரி டிரைவரிடம், அன்று மத்தியானம் அந்தப் போரிலிருந்து எத்தனை லோடு அடித்தாய் என்று நீ கேட்டிருக்கிறாய். அவன் ஜம்பமாக, எட்டு லோடு என்று சொல்லியிருக்கிறான். கம்பி அறுந்த மோட்டார் எப்படியப்பா எட்டு லோடு இறைத்தது என்று கேட்டாயாம். அவ்வளவுதான், கதை கிழிந்துவிட்டது. எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. அமுதா பயந்துபோய்த் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

இதில் எனக்கு ஆறவே ஆறாதது எது தெரியுமா? அந்தத் தீர்ப்பின் பிரதி ஒன்று என் கோப்பிலும் இருந்தது. அறிக்கை எழுத எனக்குக் கொடுத்திருந்தார்கள். குற்றவாளியின் வயது, தொழில், முன்குற்றம் மூன்றையும் முதல் பக்கத்தில் பார்த்துவிட்டு மூடிவைத்துவிட்டேன். கன்னியப்பன் கேட்டது எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று நான் தேடிக்கொண்டிருந்த நாளெல்லாம், அது என் மேஜையிலேயே கிடந்தது. கோர்ட்டில் எல்லோருக்கும் அது தெரிந்த விஷயம். எல்லோருக்கும் தெரிந்ததால் ஒருத்தரும் அவனிடம் போய்ச் சொல்லவில்லை.

அன்றே அமுதாவோடு ஆட்டோ பிடித்துப் போனேன். அரசு அலுவலர் தெருவில் நின்று தீர்ப்புப் படிக்கலாமா, மேலதிகாரி என்ன சொல்வார் என்றெல்லாம் மனசு ஓடியது. திறந்த கோர்ட்டில் வாசித்த தீர்ப்பைத் தெருவில் வாசித்தால் குடியா முழுகிவிடும் என்று நீ கேட்பது போல இருந்தது. கோயிலுக்கு எதிரே வேப்பமரத்தடியில் நின்றேன். கன்னியப்பன் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றான். தண்ணீர்க் குழாயில் நின்ற பெண்கள், மளிகைக்கடைக்காரர், சாவியைச் சுழற்றிக்கொண்டு நாலு பையன்கள், எல்லோரும் கூடிவிட்டார்கள். "இன்னா மேட்டரு?" என்று ஒருவன் கேட்டான். "கோர்ட்டு இன்னா சொல்லிச்சின்னு படிக்கிறாங்க, வாயப் பொத்திகினு கேளு" என்றாள் அமுதா. அவள் குரல் அவ்வளவு ஓங்கி ஒலிக்கும் என்று எனக்குத் தெரியாது.

ஒன்பதாம் பக்கத்தை வரி வரியாகத் தமிழில் சொன்னேன். எட்டு லோடு வந்ததும் கூட்டம் சிரித்தது. பொய் என்ற வார்த்தை வந்ததும் அடங்கிவிட்டது. தாமோதரன் தன் வீட்டு வாசலுக்கு வந்து நின்றான். எல்லோரும் ஒருமுறை அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு உள்ளே போனான். அவனைப் பார்க்க எனக்குப் பாவமாகவும் இருந்தது, மறைக்க மாட்டேன். என் டிபார்ட்மெண்டு அது.

கன்னியப்பன் என்னிடம் வந்தான். "அம்மா, இன்னொரு தபா படிக்கிறீங்களா? கோயில் தர்மகர்த்தா இப்பத்தான் வந்தாரு."

படித்தேன். தர்மகர்த்தா துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கன்னியப்பன் முகத்தைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்துத் தாளை மடிக்கப் போனேன். கன்னியப்பன் என் கையைத் தடுத்தான். முதல் பக்கத்திலிருந்து மொத்தமாக ஒருமுறை படிக்கச் சொன்னான். எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை, நாற்காலி கொண்டுவருகிறேன் என்றான்.

முதல் பக்கத்தைப் பிரித்தேன். கோர்ட்டின் பெயர், வழக்கு எண், மாஜிஸ்ட்ரேட்டின் பெயர். அதற்குக் கீழே, அரசுத் தரப்பில் வாதாடியவர் என்று போட்டு, இனிஷியலோடு உன் பெயர். உன்னைப் பெட்டிக்குள் பார்த்தபோது வராத அழுகை, அத்தனை பேர் நடுவில் நின்றுகொண்டு அப்போது வந்தது. கூட்டத்தில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. கன்னியப்பனுக்குப் புரிந்தது.

"அந்த அம்மா பேரும் அதுல இருக்குதா? அத்த உட்டுடாதீங்க. நல்லா சத்தமா படிங்க" என்றான்.

படித்தேனடி. நாம் பேசாமல் இருந்த நாள் முழுக்க என் வாயிலிருந்து வராத உன் பெயரை, வெள்ளானூர்த் தெருவில் நின்று, கடைசி வீட்டுக்குக் கேட்கும்படி படித்தேன். இப்போதும் எந்தக் கேஸ் வந்தாலும் அடிபட்டவர் வீட்டுக்குத்தான் முதலில் போகிறேன். நகல் மனுவை நானே எழுதிக் கொடுக்கிறேன், வந்ததும் போய்ப் படித்துக் காட்டுகிறேன். இந்த வழக்கம் யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்பார்கள். உன் பெயரைச் சொல்கிறேன்.